கடலோடிகளை வைத்தே பிள்ளையை வீட்டில் படிக்க வைக்க முடியுமா? மண்டபத்துத் தாய்க்கு ஒரு பதில்

மண்டபத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. ஜூன் முதல் இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். மகன் மூன்று மாதமாக வாஸ்கோ ட காமா, மெகல்லன், கொலம்பஸ் என்று கடலோடிகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் சண்டை. இந்த ஆர்வத்தை வைத்தே படிப்பை நடத்தலாமா, இல்லை இப்போதே நிறுத்திவிட்டுப் பாடத்திட்டத்துக்குத் திரும்ப வேண்டுமா? சின்னவளுக்குக் கப்பலில் நாட்டமே இல்லை, அவளை என்ன செய்வது? பத்தாம் வகுப்புக்கு வழி என்ன?

நிறுத்த வேண்டாம், தங்கச்சி. அதே நேரம், அதைப் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கவும் விடாதீர்கள். கடலோடிகளைப் படிக்கிற பிள்ளைக்கு உங்கள் ஊரைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள்.

நான் ஆறு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அப்புறம் என் இரண்டு பிள்ளைகளையும் தங்கச்சிமடத்தில் வீட்டில் வைத்தே ஒன்பது வருடம் படிக்க வைத்தேன். என் மகனுக்கும் பத்து வயதில் இதே கடல் ஆசை பிடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். உடனே உட்கார்ந்து அட்டவணை போட்டேன். திங்கட்கிழமை கொலம்பஸ், செவ்வாய்க்கிழமை மெகல்லன், வெள்ளிக்கிழமை பத்து மதிப்பெண்ணுக்குக் கேள்வித்தாள். மூன்றாவது வாரம் அவன், "அம்மா, எனக்கு இப்ப கப்பல் பிடிக்கல" என்றான். பள்ளியில் நான் செய்ததையே வீட்டிலும் செய்து அவன் ஆசையை அவித்துவிட்டேன் என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

அட்டவணையை எடுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கப்பல் பேச்சே வீட்டில் இல்லை. பிறகு ஒருநாள் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம். தூக்குப்பாலம் திறப்பதற்காகத் தெற்கே ஒரு கப்பல் காத்திருந்தது. உள்ளூர் ஆட்கள் ஒரு படகில் போய் அதற்கு முன்னால் வழிகாட்டி அழைத்து வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "அந்தக் கப்பல்லதான் கேப்டன் இருக்காரே, அப்புறம் எதுக்கும்மா நம்ம ஊர் ஆளு?"

கேப்டனுக்குக் கடல் தெரியும், பாம்பன் தெரியாது. எங்கே பாறை, எங்கே மணல் மேடு, எந்த நேரத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்பது இங்கேயே பிழைப்பவருக்குத்தான் தெரியும். இதை அவனுக்குச் சொன்ன அன்றிலிருந்து, எந்தக் கடலோடியைப் படித்தாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றுதான்: இவருக்கு வழி காட்டியவர் யார்? ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் படிப்பு அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியது. உங்கள் மகனுக்கும் நான் கொடுக்கச் சொல்வது இதைத்தான்.

வாஸ்கோ ட காமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, கிழக்குக் கரையில் மலிந்தி வரை வந்துவிட்டார். அதற்கு மேல் அரபிக்கடலைக் குறுக்கே கடக்க அவருக்குத் தெரியவில்லை. மலிந்தி அரசர் ஒரு மாலுமியைக் கொடுத்தார். அவர் வழிகாட்ட, ஒரு மாதத்துக்குள் கோழிக்கோட்டுக் கரை தெரிந்தது. 1498 மே 20ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். அந்த மாலுமி யார்? அகமது இப்னு மாஜித் என்ற பெரிய அரபு மாலுமிதான் என்று பல புத்தகங்களில் இருக்கும். வரலாற்று ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. அந்தப் பயணத்தில் எழுதிய நாட்குறிப்பு அந்த மலிந்தி மாலுமியைக் கிறிஸ்தவர் என்கிறது. பின்னால் எழுதிய போர்த்துகீசியர்கள் அவர் குஜராத்தி என்கிறார்கள். வாஸ்கோ ட காமாவோடு வந்த ஆட்கள்தான் கோழிக்கோட்டில் ஓர் இந்துக் கோயிலைத் தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய்க் கும்பிட்டவர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்போது அந்த 'கிறிஸ்தவர்' என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளையே யோசிப்பான். இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்று 11 வயதில் ஒரு பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தால், அதற்கு மேல் நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியாது.

மெகல்லனோடு என்ரிக் என்ற அடிமை இருந்தார். மலாக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். 1521இல் பிலிப்பைன் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கரையிலிருந்து வந்தவர்களிடம் மலாய் பேசி முதலில் புரியவைத்தவர் அவர்தான். ஜேம்ஸ் குக்கோடு 1769இல் தாகித்தியிலிருந்து துபாயா என்பவர் ஏறினார். பசிபிக் தீவுகளில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை நினைவிலிருந்தே சொல்லி வரைபடமாக்கிக் கொடுத்தவர். குக்கின் கப்பல் நியூசிலாந்து போனபோது அங்குள்ள மாவோரி மக்களோடு பேச முடிந்ததும் அவரால்தான். ஊருக்குத் திரும்பாமலே 1770இல் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்துபோனார். என் மகன் துபாயாவின் கதையைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். உங்கள் பயமும் அதில்தான் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு. வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடகரையில் நின்றால் வடக்குத் திசை முழுக்கக் கடலும் வானமும்தான். துருவ நட்சத்திரம் அந்தக் கடலுக்கு மேல் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 9.3 டிகிரி உயரத்தில் நிற்கும். மண்டபத்தின் அட்சரேகையும் அதுதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டியை வைத்தால் அதன் உச்சியை ஒட்டி அந்தத் துருவ வெள்ளி, அதாவது துருவ நட்சத்திரம், நிற்கும். பிள்ளைகள் இதைத் தாங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்தது பலகை. அரபு மாலுமிகள் கமால் என்றார்கள், சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்றார்கள். ஒரு சின்னப் பலகை, நடுவில் ஓட்டை, அதில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தில் பொருத்தினால், மேல் விளிம்பில் துருவ வெள்ளி உட்கார வேண்டும். எந்த முடிச்சில் உட்காருகிறதோ அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்துக்கு நேராக இருக்கிறோம் என்று அர்த்தம். கெட்டி அட்டையில் 8.2 செ.மீ. உயரத்துக்கு ஒன்று வெட்டுங்கள். கண்ணிலிருந்து அட்டைக்கு 50 செ.மீ. இருந்தால் அது மண்டபம். 43 செ.மீ. என்றால் நாகப்பட்டினம், 35 என்றால் சென்னை, 58 என்றால் கன்னியாகுமரி. இந்த எண்களை உங்கள் மகனிடம் கொடுத்துவிடாதீர்கள். தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, கோணமானியை வைத்து அவனே அளந்து எடுக்கட்டும். விகிதமும் வடிவொத்த முக்கோணமும் அதிலேயே வந்துவிடும். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் ஓடிய என் மகன் இதற்காக என்னிடம் தசமப் பெருக்கல் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டான்.

அளவு அரை டிகிரி முன்பின் வரும். துருவ வெள்ளி சரியாக வட துருவத்தின் மேல் இல்லை, ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன் அந்த விலகல் மூன்று டிகிரிக்கும் மேல் இருந்தது. அன்றைய மாலுமிகள் அதைத் திருத்திக் கணக்குப் போட வேண்டியிருந்தது. இன்னொரு விஷயம், அது மங்கலான வெள்ளி, அதுவும் அடிவானத்தை ஒட்டி நிற்பது. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் தை, மாசியில் தேடுங்கள். சித்திரை, வைகாசியில் கப்பல் வெள்ளி, அதாவது சப்தரிஷி மண்டலம், முன்னிரவில் வடக்கே உயரத் தெரியும். அதன் முனையிலுள்ள இரண்டு வெள்ளிகளை நேராக நீட்டினால் துருவத்தில் போய் முடியும்.

அட்சரேகை இரவுப் பாடம் என்றால் தீர்க்கரேகை பகல் பாடம். தரையில் ஒரு கம்பை நடுங்கள். கோயில் கட்டும் ஸ்தபதிகள் திசை பார்க்க நடும் இந்த முளைக்கும் சங்கு என்றுதான் பெயர். சங்கு குளிக்கிற கரையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் உடனே ஒட்டிக்கொள்ளும். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் உச்சிவேளை. கடிகாரத்தைப் பார்த்தால் 12 மணி காட்டாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, மண்டபம் 79.1 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். அதனால் நம் உச்சிவேளை சுமார் 13 நிமிடம் பிந்தி வரும். அந்த 13 நிமிடத்திலிருந்து பிள்ளை தன் ஊரின் தீர்க்கரேகையைத் தானே கணக்குப் போட்டு எடுக்கலாம். ஜான் ஹாரிசன் என்ற கடிகாரக்காரர் வாழ்நாள் முழுக்க உழைத்தது இதற்காகத்தான். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்த சிக்கல் இது. ஆடும் கப்பலில் கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால் இடம் ஏறக்குறைய 27 கி.மீ. தப்பிவிடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம் என்று சொல்லுங்கள், உடனே உறைக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் மகன் பிப்ரவரியில் அளந்தபோது உச்சிவேளை 12:27க்கு வந்தது. தன் அளவு தப்பு என்று கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதான். தப்பில்லை. பூமியின் சாய்வாலும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் உச்சிவேளை வருடம் முழுக்க முன்னும் பின்னும் நகரும். நம் பக்கம் நவம்பர் தொடக்கத்தில் 11:57 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12:27 வாக்கில். ஏப்ரல் நடுவில் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போய் 12:13க்கு வந்து நிற்கும். எனக்கே அது தெரியாமல் இருந்தது. இருவரும் சேர்ந்து தேடிப் படித்தோம். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இனி காற்று. இதற்குப் புத்தகமே வேண்டாம், வாசலில் நின்றால் போதும். வாடை (வடகாற்று), கொண்டல் (கீழ்க்காற்று), சோழகம் (தென்காற்று), கச்சான் (மேல்காற்று) என்ற நான்கு பெயரும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மாறும். இதை ஒரு வருடம் குறித்து வைத்த பிள்ளைக்கு, வாஸ்கோ ட காமா திரும்பிப் போகும்போது ஏன் செத்துப் பிழைத்தார் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில், காற்று இன்னும் எதிரே மேற்கிலிருந்து வீசும்போதே, கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பினார். வரும்போது ஒரு மாதம்கூடப் பிடிக்காத கடலைத் திரும்பக் கடந்து ஆப்பிரிக்கக் கரையைப் பார்ப்பதற்குள் 1499 ஜனவரி பிறந்துவிட்டது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் முப்பது பேர் போல் இறந்தார்கள். மூன்று கப்பலையும் ஓட்ட ஆள் போதாமல் ஒன்றை அவர்களே கொளுத்த வேண்டியதாயிற்று. இந்தத் தேதிகளை எல்லாம் வைத்து, "ஆவணியில மேற்கே பாய் விரிக்கலாமா தாத்தா?" என்று என் பிள்ளைகள் கீழக்கரையில் ஒரு பெரியவரிடம் கேட்டார்கள். அவர் பதிலே சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தமிழுக்கு நான் தனியாகப் பெரிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. கப்பல் நாட்குறிப்பு ஒன்றை ஆளுக்கொரு நோட்டில் எழுதச் சொன்னேன், அவ்வளவுதான். தேதி, காற்று, கடல் எப்படி இருந்தது, என்ன படகு போனது, என்ன மீன் வந்தது. முதல் நாள் மூன்று வரி. ஆறு மாதத்தில் ஒரு பக்கம். பிழையை நான் சிவப்பு மையில் திருத்தவில்லை. தேதி தவறாமல் எழுத வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அதற்குக் காரணமாக மெகல்லனின் கப்பலில் போன பிகாஃபெட்டாவின் கதையைச் சொன்னேன். 1519இல் ஐந்து கப்பல்களில் இருநூறு பேருக்கு மேல் கிளம்பினார்கள். மெகல்லன் நடுவழியில் கொல்லப்பட்டார். 1522இல் எல்கானோவின் தலைமையில் ஒரே கப்பலில் 18 பேர் திரும்பினார்கள். பிகாஃபெட்டா ஒரு நாள்கூட விடாமல் தேதி எழுதி வந்தவர். திரும்பும் வழியில் கேப் வெர்டித் தீவில் இறங்கிக் கேட்டால் அங்கே வியாழக்கிழமை, அவர் கணக்கில் புதன்கிழமை! ஒரு நாள் எங்கே போனது? இதை என் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு நான் பதில் சொல்லவில்லை. ஒரு தேங்காயையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் சின்னவள்தான் கண்டுபிடித்தாள்.

உங்கள் ஊரைச் சுற்றியே எவ்வளவு இருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கத்து ஊர் வேதாளைக் கரையில் 1538இல் போர்த்துகீசியருக்கும் மரைக்காயர்களின் கடற்படைக்கும் பெரிய சண்டை நடந்தது. வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் ரோம நாட்டுக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சீனத் தளபதி செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெரும் கப்பல் படையோடு இந்தக் கடலுக்கு வந்தவர். 1409ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் இலங்கையில் வைத்த கல்வெட்டு காலியில் 1911இல் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ். சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற பெயரில் திருமாலையும் போற்றுகின்றன. சீனாவின் நான்ஜிங்கிலிருந்து வந்த ஒரு தளபதி ஏன் தமிழில் கல் வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கடலில் வியாபாரம் யார் கையில் இருந்தது என்பது அந்தக் கேள்வியிலிருந்து தானே வரும். ராமநாதபுரத்துக்குப் போகிற அன்று அரண்மனையில் ராமலிங்க விலாசத்து ஓவியங்களையும் காட்டிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். இந்தக் கடலோடிகளை வீரர்களாக மட்டும் காட்டாதீர்கள். வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தபோது, 1502இல், மக்காவிலிருந்து திரும்பிய யாத்ரிகர் கப்பலைப் பெண்கள், பிள்ளைகளோடு எரித்தார். கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளில் இருந்த மக்களில் பெரும்பாலோர் சில பத்து வருடங்களில் அழிந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, பதினொரு வயதுக்குச் சொல்லலாம். கேட்டுவிட்டு உங்கள் மகன் ஒரு வாரம் வாஸ்கோ ட காமாவை வெறுக்கலாம். அப்புறம் மறுபடி அந்தக் கப்பல் எப்படி வந்தது என்று படிக்கத் தொடங்குவான். இரண்டும் சேர்ந்துதான் அந்த மனிதர்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணன் ஆசைப்பட்டதை அவள் மேல் ஏற்ற வேண்டாம். என் மகளுக்கும் கப்பல் பிடிக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம், "அவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்பதுதான். அதுவே ஒரு தனிப் படிப்பு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வேறுவேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். இதை அடுப்படியிலேயே தொடரலாம். கஞ்சித் தண்ணீரில் காயத்துக்குப் போடும் பீட்டாடைனை இரண்டு சொட்டு விட்டால் கருநீலமாகும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட, நிறம் போய்விடும். அதற்குக் காரணம் வைட்டமின் சி. நெல்லிக்காய்ச் சாறு எத்தனை சொட்டில் நிறத்தை எடுக்கிறது, கொதிக்க வைத்த சாறு எத்தனை சொட்டில் எடுக்கிறது என்று எண்ணி எழுதட்டும். முடிந்ததும் கொட்டிவிடுங்கள், யாரும் குடித்துவிடக் கூடாது.

அப்புறம் ழான் பாரேயின் கதையைச் சொல்லுங்கள். உலகைச் சுற்றி வந்த முதல் பெண். 1760களில் பிரெஞ்சுக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்பதால் ஆண் வேடத்தில் ஏறி, ஊர் ஊராகச் செடி கொடி சேகரித்தவர். இந்தக் கதையைக் கேட்ட பிறகு, நம் கரையில் மார்பளவுத் தண்ணீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிற அக்காமார்களிடம் என் மகளைக் கூட்டிப் போனேன். எந்தப் பாசி எந்தப் பாறையில், எந்த மாதத்தில் வளரும் என்று அவர்கள் சொன்னதை அவள் படம் போட்டுக் குறித்துக்கொண்டாள். இன்றைய ஆட்களும் வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி பாய்மரப் படகில் கிளம்பி 2025 மேயில் உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படை அதிகாரிகள் இருவர் இருக்கிறார்கள்: கோழிக்கோட்டு தில்னா, புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. படகில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

பெரியவர்களைத் தேடிப் போக நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். அணியம் (படகின் முன்பக்கம்) முதல் அமரம் (பின்பக்கம்) வரை பிள்ளைகள் சுற்றிப் பார்க்கலாம், மரவேலையும் இஞ்சின் வேலையும் நடக்கும். முதல் நாளே நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்காதீர்கள். வலை பின்னுகிற இடத்தில் தாத்தா, மாமா என்று முறை சொல்லி உட்கார்ந்து, நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தால் பேச்சு தானாக வரும். தொழில் இல்லாத மாதம் என்பது அவர்களுக்குக் கையில் காசு இல்லாத மாதமும்கூட. அதை மனதில் வைத்துப் பேசச் சொல்லி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். தீவுகளுக்குப் போக ஆசைப்படுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அரிச்சல்முனையிலும் பாம்பன் வாய்க்கால் பக்கமும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம், அங்கே நீவாடு பொல்லாதது.

இந்தப் படிப்பில் வராதவையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வாய்ப்பாடு, பின்னம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். அதற்குக் கடல் சாயம் பூசவில்லை. "10 கப்பலில் 3 மூழ்கினால் மீதி எத்தனை" என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அவன் ஆசையை வைத்து நாம் ஏமாற்றுகிறோம் என்று.

சான்றிதழுக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம் போதும், வருடத்தில் இரண்டு முறை பொதுத் தேர்வு நடக்கும். என் பிள்ளைகள் இருவரும் அதில்தான் எழுதினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. அதனால் பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், பிள்ளைகளின் நோட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். யாராவது வந்து கேட்டால் அந்த நாட்குறிப்பு நோட்டுகள்தான் முதலில் கைகொடுக்கும்.

இந்த ஆசை ஒருநாள் நின்றும் போகலாம். என் மகனுக்கு பதினான்கு மாதத்தில் நின்றது. கடலை விட்டுப் படகு இஞ்சினுக்குப் போய்விட்டான். பலகையை ஆணியில் மாட்டிவிட்டு நானும் இஞ்சின் படிக்கத் தொடங்கினேன்.

உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வருகிற சித்திரை முதல் நாளுக்கு இப்போதே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 13, 14 வாக்கில் சூரியன் மண்டபத்துக்கு நேர் உச்சியில் வரும். 12:13க்கு நட்ட கம்பின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துபோகும். சென்னையில் சொந்தக்காரப் பிள்ளை யாராவது இருந்தால், அதே நாளில் அங்கே உச்சிவேளையில் ஒரு மீட்டர் கம்பை நடச் சொல்லுங்கள். அங்கே நிழல் ஆறு ஏழு செ.மீ. விழும். அந்த நிழலிலிருந்து கோணம் 3.8 டிகிரி போல் வரும். மண்டபத்துக்கும் சென்னைக்கும் தெற்கு வடக்காக 420 கி.மீ. 360ஐ 3.8ஆல் வகுத்து 420ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, ஏறக்குறைய 40,000 கி.மீ., நோட்டில் வந்து நிற்கும். கொலம்பஸ் இதைக் கால்பங்கு குறைவாகக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் 1492இல் கிளம்பினார். இரண்டு ஊரிலும் கம்பு நேராக நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.